மேன் தீவுத் தேர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 செப்டம்பரில் இந்தத் தீவில் முதல் தடவையாக ஓட்டுப் போட்டேன். அன்றிலிருந்து, வேலைக்குப் புதிதாக வந்து இறங்கும் தம்பி தங்கைகளும் ஊரிலிருந்து போன் போடும் சொந்தக்காரர்களும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அடுத்த பொதுத் தேர்தல் 2026 செப்டம்பர் 24, வியாழக்கிழமை. அதற்குள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அக்கா, மேன் தீவு இங்கிலாந்தில் ஒரு மாவட்டம் மாதிரிதானே? அதற்கு எதற்குத் தனியாக ஒரு சட்டமன்றத் தேர்தல்?

இல்லை. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே, ஐரிஷ் கடலில் இருக்கும் 572 சதுர கிலோமீட்டர் தீவு இது. 2021 கணக்கெடுப்பில் 84,069 பேர். பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்டது, ஆனால் ஐக்கிய ராஜ்ஜியத்தின் பகுதி அல்ல. பாதுகாப்பையும் வெளியுறவையும் லண்டன் பார்த்துக்கொள்கிறது. வரி, பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாலை, குற்றவியல் சட்டம் எல்லாம் தீவின் சொந்தப் பொறுப்பு.

மோட்டார் சைக்கிள் பிரியர்களுக்கு இதைச் சொல்ல ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறேன். டிடி (டூரிஸ்ட் டிராபி) என்ற சாலைப் பந்தயம் ஏன் இந்தத் தீவில் நடக்கிறது தெரியுமா? 1900களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வண்டிகள் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக்கூடாது. பந்தயத்துக்காகப் பொதுச் சாலையை மூடவும் வழியில்லை. இந்தத் தீவின் சட்டமன்றம் 1904இல் தனியாக ஒரு சட்டம் போட்டுச் சாலையை மூட அனுமதி தந்தது. முதலில் கார்கள் வந்தன, 1907இல் மோட்டார் சைக்கிள்களுக்கான டிடி தொடங்கியது. தனிச் சட்டமன்றம் இருப்பதற்கு அந்தப் பந்தயமே சாட்சி.

சரி, யாரைத் தேர்ந்தெடுக்கிறோம்? டின்வால்ட் என்கிறார்கள், கீஸ் என்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை.

டின்வால்ட் என்பது முழுச் சட்டமன்றம். அதற்குள் இரண்டு அவைகள். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது ஹவுஸ் ஆஃப் கீஸ் என்ற கீழவையை மட்டும்தான். அதில் 24 பேர், ஐந்து ஆண்டுப் பதவி. உறுப்பினரை எம்.எச்.கே. என்று சுருக்கிச் சொல்வார்கள். மேலவைக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

தீவின் பழைய மொழியான மேங்ஸில் கீழவைக்கு ‘கியர் அஸ் ஃபீட்’ என்று பெயர். நான்கும் இருபதும் என்று பொருள், அதாவது இருபத்து நான்கு. எண்ணிக்கையே பெயராகிவிட்டது.

24 பேர் என்றால் 24 தொகுதியா?

12 தொகுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு உறுப்பினர். டக்ளஸ் நகரத்துக்கு மட்டும் நான்கு: வடக்கு, தெற்கு, கிழக்கு, மத்தி. மற்றவை ஆங்கன், ராம்சி, ரஷன், கார்ஃப், மிடில், ஏர் அண்ட் மைக்கேல், கிளென்ஃபேபா அண்ட் பீல், அப்புறம் ஆர்போரி, காசில்டவுன் அண்ட் மாலூ. ஒரு தொகுதிக்குச் சராசரியாக ஏழாயிரம் பேர், குழந்தைகளையும் சேர்த்து.

2016 தேர்தலில்தான் எல்லாத் தொகுதியும் ஒரே அளவாகி இந்த ஒழுங்கு வந்தது. அதற்கு முன் ஒரு தொகுதிக்கு ஒருவர், இன்னொன்றுக்கு இருவர், வேறொன்றுக்கு மூவர் என்று இருந்தது. பக்கத்துத் தெருக்காரருக்கு உன்னைவிட அதிக ஓட்டு என்றால் யாருக்குத்தான் மனசு ஆறும்?

ஓட்டுச் சீட்டில் இரண்டு பேருக்குக் குறி போட வேண்டுமா? ஒருவருக்கு மட்டும் போட்டால் செல்லாத ஓட்டாகிவிடுமா?

செல்லும். உங்களுக்கு இரண்டு ஓட்டு வரை உண்டு, அவ்வளவுதான். ஒன்று மட்டும் போடலாம். மூன்று போட்டால்தான் செல்லாது. அதிக ஓட்டு வாங்கிய முதல் இருவர் ஜெயித்தவர்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்களுக்கு ஒருவர் மேல்தான் நிஜமான நம்பிக்கை என்று வையுங்கள். இரண்டாவது ஓட்டை அரைமனதாக இன்னொருவருக்குப் போட்டால், அதுவே நீங்கள் விரும்பியவரை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிடலாம். அதனால் பலர் ஒற்றை ஓட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டு பேரையும் உண்மையிலேயே பிடித்திருந்தால் இரண்டும் போடுங்கள். சீட்டில் இடம் இருக்கிறதே என்பதற்காகப் போடாதீர்கள். முன்னுரிமை எண் போடும் முறை 1986லும் 1991லும் இருந்தது. பிறகு அதைக் கைவிட்டுப் பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள்.

நான் இந்தியப் பாஸ்போர்ட், வேலை விசாவில் இருக்கிறேன். எனக்கு ஏது ஓட்டு?

உண்டு! இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். இங்கே வாக்குரிமை குடியுரிமையைப் பொறுத்தது இல்லை, குடியிருப்பைப் பொறுத்தது. 16 வயது நிரம்பி, தீவில் 12 மாதம் குடியிருந்திருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று யாரும் பார்ப்பதில்லை.

என்னுடன் வேலை செய்யும் ஒருவர் ஏழு வருஷமாக இங்கே இருக்கிறார். பதிவுப் படிவம் அவர் வீட்டுக் கதவிடுக்கில் வந்து விழும்போதெல்லாம் ‘இது வெள்ளைக்காரர்களுக்கு’ என்று சொல்லி மேசை டிராயரில் போட்டுவிடுவாராம். ஒரு நாள் அந்த டிராயரைத் திறந்து காட்டினார். பிரிக்காத உறைகள் அடுக்காக இருந்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வருமான வரி கட்டுகிறார், இரவுப் பணி பார்க்கிறார், பிள்ளைகள் இங்கே பள்ளிக்குப் போகிறார்கள். அவர் பங்கு எதற்கு டிராயரில் கிடக்க வேண்டும்?

அப்போ லண்டன் பாராளுமன்றத்துக்கும் போடலாமா?

முடியாது. தீவிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டருக்கு உறுப்பினரே கிடையாது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இதே நிலைதான்.

பதினாறு வயசுப் பையனுக்கு ஓட்டா? அவனுக்கு என்ன தெரியும்?

2006 தேர்தலிலிருந்து 16 வயது. பிரிட்டன் தீவுகளில் முதலில் இப்படிச் செய்தது இங்கேதான். எனக்கும் முதலில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் 2021இல் பதினேழு வயது. மூன்று வேட்பாளர்களின் அறிக்கைகளைச் சமையலறை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, பேருந்து பற்றி யார் என்ன சொல்லியிருக்கிறார் என்று பச்சை மையில் கோடு போட்டுப் படித்தாள். கார் ஓட்டாதவளுக்குப் பேருந்துதான் முக்கியம். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டாமலே விட்டிருந்தேன்.

எந்தக் கட்சி ஜெயிக்கும்?

இங்கே பெரும்பாலும் சுயேச்சைகள்தான். மேங்ஸ் லேபர் கட்சி 1918இலிருந்தே இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் பிரிட்டனின் லேபர் கட்சி வேறு, இது வேறு. லிபரல் வேனின் 2006இல் தொடங்கியது. பசுமைக் கட்சியும் உண்டு. ஆனால் எல்லாக் கட்சியும் சேர்ந்து பிடிக்கும் இடங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

சின்ன ஊரில் ஆளைத்தான் பார்க்கிறார்கள், கொடியை இல்லை. வேட்பாளர் உங்கள் பிள்ளையின் பழைய ஆசிரியராக இருப்பார், அல்லது நீங்கள் ரொட்டி வாங்கும் கடையில் வரிசையில் நிற்பவராக இருப்பார்.

கட்சியே இல்லையென்றால் யாருக்குப் போடுவது என்று எப்படி முடிவு பண்ணுவது?

நியாயமான கேள்வி. சின்னத்தைப் பார்த்துக் குத்தும் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். மூன்று வழி சொல்கிறேன். வேட்பாளர்கள் அறிக்கை அச்சிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள், அதைப் படியுங்கள். அவர்களே வீடு வீடாக வருவார்கள்; கதவைத் திறந்து பேசுங்கள், ஓட்டில்லாதவர் என்று நினைத்து யாரும் உங்களைத் தாண்டிப் போகமாட்டார்கள்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது: ‘ரெக்விசிஷன்’ கூட்டம். தொகுதி வாக்காளர்கள் எழுத்துமூலம் கேட்டுக்கொண்டால் அதன் பேரில் கூட்டப்படும் பொதுக்கூட்டம் இது. மேடையில் வேட்பாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், கீழே இருந்து யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். 2021இல் நான் போனது ஒரு பள்ளிக்கூட அரங்கம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் தேநீர்ப் பாத்திரம், நனைந்த மழைக் கோட்டின் வாசனை. ஒரு பெரியவர் எழுந்து, டக்ளஸ் கடற்கரைச் சாலை வேலை ஏன் இப்படி இழுக்கிறது என்று கேட்டார். ஒரு வேட்பாளர் சுற்றி வளைத்துப் பேசினார். பெரியவர் உட்காரவே இல்லை. ‘நான் கேட்டது அது இல்லையே’ என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார், பதில் வரும் வரைக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு முடிவு எடுக்கத் தேவையானது கிடைத்துவிட்டது.

24 சுயேச்சைகள் ஜெயித்தால் முதலமைச்சர் யார்?

ஜெயித்த 24 பேரும் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2021 அக்டோபரில் ஆல்ஃபிரட் கேனனுக்கு 24 பேரில் 21 பேர் ஓட்டுப் போட்டார்கள். முதலமைச்சர் பதவியே 1986இல்தான் வந்தது. முதலில் அதில் இருந்தவர் மைல்ஸ் வாக்கர்.

ஆக, முதலமைச்சரை மனதில் வைத்து ஓட்டுப் போட இங்கே வழியில்லை. உங்கள் தொகுதியில் நிற்காத ஒருவர் தீவை ஆளப்போகிறார் என்பதுதான் பெரும்பாலும் நடக்கும். இது குறை என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அவர்களோடு சேர்ந்தவள். தேர்தலுக்கு முன்பே யார் முதலமைச்சராக விரும்புகிறார் என்று ரெக்விசிஷன் கூட்டத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்படியென்றால் எதிர்க்கட்சியே கிடையாதா?

எதிர்க்கட்சி என்று ஒன்று இல்லை. அமைச்சர்கள் கூட்டுப் பொறுப்பால் கட்டுப்பட்டவர்கள். அமைச்சரவை முடிவுக்கு மாறாக ஓட்டுப் போட முடியாது. மற்றவர்கள் சுதந்திரமாகப் பேசலாம். ஆனால் அவர்களில் பலருக்கும் ஏதோ ஒரு துறையில் உறுப்பினர் பொறுப்பு கொடுத்திருப்பார்கள். காலையில் துறைக்காக வேலை பார்த்தவர் மாலையில் அதே துறையைக் கேள்வி கேட்க வேண்டும். 24 பேர் மட்டுமே உள்ள அவையில் இதைத் தவிர்ப்பது கடினம். அதனாலேயே, துறைப் பொறுப்பில் இருந்தபோதும் எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்கிறாரா என்று பழைய உறுப்பினரிடம் கேட்பது மிகவும் அவசியம்.

மேலவையை ஏன் நாம் தேர்ந்தெடுக்கவில்லை?

மேலவையான லெஜிஸ்லேட்டிவ் கவுன்சிலில் 11 பேர். எட்டுப் பேரைக் கீழவை தேர்ந்தெடுக்கிறது. மீதி மூவர் டின்வால்ட் தலைவர், தீவின் பேராயர், அட்டர்னி ஜெனரல். மேலவையையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கோரிக்கை பல வருஷமாக எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது.

ஆயிரம் வருஷமாக நடக்கும் சட்டமன்றம் என்கிறார்களே, அத்தனை வருஷமாகவா தேர்தல் நடக்கிறது?

கூடுவது பழையது, தேர்தல் புதியது. டின்வால்ட் என்ற பெயர் பழைய நார்ஸ் மொழியில் ‘கூடும் வெளி’ என்ற சொல்லிலிருந்து வந்தது. வைக்கிங்குகள் கொண்டுவந்த வழக்கம். 979ஐத் தொடக்கமாக வைத்து 1979இல் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். துல்லியமான ஆண்டு என்று பிடித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் இடைவிடாமல் நடந்துவரும் மிகப் பழைய சட்டமன்றங்களில் ஒன்று என்பது உண்மை.

1866 வரை கீழவைக்குத் தேர்தலே கிடையாது. ஓர் இடம் காலியானால் இருக்கும் உறுப்பினர்களே இரண்டு பெயரை எழுதிக் கொடுப்பார்கள், ஆளுநர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதை மாற்றியதில் ஒரு பத்திரிகைக்காரருக்குப் பங்கு உண்டு. ஜேம்ஸ் பிரவுன், ‘ஐல் ஆஃப் மேன் டைம்ஸ்’ ஆசிரியர். அவருடைய தாத்தா அமெரிக்காவில் அடிமையாக இருந்தவர். 1864இல் டக்ளஸ் நகர நிர்வாகம் கூடுதல் அதிகாரம் கேட்டபோது கீழவை அதை ஏளனமாக மறுத்தது. பிரவுன் தன் பத்திரிகையில் அவையைச் சாடி எழுதினார். அவர்களே அவரை விசாரித்து, அவர்களே ஆறு மாதத் தண்டனை கொடுத்து, காசில் ரஷன் கோட்டையில் அடைத்தார்கள். அவர் உள்ளே இருந்தபடியே எழுதினார். ஏழு வாரம் போல ஆனபின் லண்டன் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பிறகு வழக்குப் போட்டு நஷ்ட ஈடும் வாங்கினார்.

அப்போது ஆளுநராக இருந்த ஹென்றி லாக், தீவின் சுங்க வருமானம் தீவுக்கே செலவாக வேண்டுமென்றால் அவையை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பேரத்தை முடித்தார். 1867இல் முதல் தேர்தல். நம் கையில் இருக்கும் ஓட்டுச் சீட்டுக்குப் பின்னால் ஒருவர் சிறையில் கழித்த இரவுகள் இருக்கின்றன. அந்தக் கோட்டை இன்னும் காசில்டவுனில் நிற்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

உலகத்திலேயே முதலில் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது இங்கேதான் என்று படித்தேன். சரியா?

கிட்டத்தட்ட. 1881இல் சொத்துள்ள திருமணமாகாத பெண்களும் விதவைகளும் கீழவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். நியூசிலாந்துக்கு 12 ஆண்டுகள் முன்னால். ஆனால் அமெரிக்காவில் வயோமிங் பிரதேசம் 1869இலேயே கொடுத்துவிட்டது. பசிபிக்கில் பிட்கேர்ன் தீவில் 1838இலேயே பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். நியூசிலாந்தில் கொடுத்தது எல்லாப் பெண்களுக்கும். இங்கே கணவர் உள்ள பெண்ணுக்கு இல்லை. எல்லாருக்குமான வாக்குரிமை 1919இல் வந்தது.

முதல் பெண் உறுப்பினர் மேரியன் ஷிமின், 1933 இடைத்தேர்தலில். 2016இல் 24 பேரில் ஐந்து பெண்கள், 2021இல் பத்து.

ஜூலையில் ஏதோ மேட்டில் ஏறிச் சட்டம் படிக்கிறார்களே, அது சும்மா திருவிழாதானே?

திருவிழாவும்தான், சட்டமும்தான். ஜூலை 5, செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில் நான்கு அடுக்கு மண்மேடு. அந்த ஆண்டு இயற்றிய சட்டங்களின் பெயரும் சுருக்கமும் ஆங்கிலத்திலும் மேங்ஸிலும் அங்கே வாசிக்கப்படும். அரச ஒப்புதல் கிடைத்து 18 மாதத்துக்குள் அப்படி வாசிக்காவிட்டால் அந்தச் சட்டம் காலாவதி.

போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தேவாலயத்திலிருந்து மேட்டுக்குப் போகும் பாதையில் கோரைப்புல் பரப்பியிருப்பார்கள், மிதிக்க மிதிக்கப் பச்சை வாசனை எழும். எல்லாரும் சட்டையில் மாசிபத்திரி வகைச் செடியின் ஒரு கிள்ளு செருகியிருப்பார்கள். சட்டம் வாசித்து முடிந்ததும் மக்கள் மேட்டின் அடிவாரத்துக்கு வந்து குறைதீர் மனுவைக் கையில் கொடுப்பார்கள். அந்த மனுவை ஏதாவது ஓர் உறுப்பினர் எடுத்துக்கொண்டால் அவையில் விவாதத்துக்கு வரும். ஒரு தடவை, மடித்த காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் மழையில் வரிசையில் நின்றதைப் பார்த்தேன். என்ன மனு என்று கேட்கத் துணிவில்லை.

இவர்கள் என்ன சட்டம் போட்டாலும் லண்டன் ரத்து செய்துவிடலாம் அல்லவா?

ஏட்டளவில் அந்த அதிகாரம் இருக்கிறது. சட்டம் ஆக அரச ஒப்புதல் வேண்டும், தீவுக்காக லண்டனே சட்டம் போடவும் முடியும். வழக்கத்தில், உள்விவகாரத்தில் தீவின் சம்மதம் இல்லாமல் தலையிடுவதில்லை. மீறியதும் உண்டு. 1964இலிருந்து ராம்சி விரிகுடாவில் நங்கூரம் போட்ட கப்பலிலிருந்து ரேடியோ கேரோலைன் என்ற உரிமமில்லாத வானொலி ஒலிபரப்பியது. அதைத் தடுக்கும் சட்டத்தை டின்வால்ட் ஏற்க மறுத்தது; 1967இல் லண்டன் தானே அதைத் தீவுக்கும் நீட்டித்துவிட்டது. பழைய ஆட்கள் இன்னும் அதைக் கசப்போடு சொல்வார்கள்.

அண்மைய உதாரணம், தீராத நோயாளிகள் மருத்துவ உதவியோடு உயிர்துறக்க அனுமதிக்கும் மசோதா. ராம்சி உறுப்பினரான மருத்துவர் அலெக்ஸ் ஆலின்சன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். 2025 மார்ச்சில் இரு அவைகளிலும் நிறைவேறி அரச ஒப்புதலுக்குப் போனது. பிரிட்டன் தீவுகளில் இந்த நிலைக்கு முதலில் வந்த சட்டமன்றம் இதுதான். மசோதாவை நீங்கள் ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். வாழ்வு சாவு பற்றிய சட்டத்தை முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் அந்த 24 பேரும் அவர்கள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேரும்தான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?

மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள்: தொகுதிக்கு ஏழாயிரம் பேர், அதில் குழந்தைகள் போக, பதிவு செய்யாதவர்கள் போக, மீதிப் பேர்தான் வாக்காளர்கள். 2021இல் அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர்தான் வந்தார்கள். அந்த ஓட்டும் ஐந்தாறு வேட்பாளர்களுக்குள் பிரியும். ஒரே அடுக்ககத்தில் இருக்கும் நம் ஆட்கள் சேர்ந்து போனாலே எண்ணும் மேசையில் தெரியும்.

நான் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இந்தத் தேர்தலில் போட முடியுமா?

விசா பற்றிய பதிலில் சொன்ன 12 மாதம் நிரம்பாமல் பெயர் சேராது. நீங்கள் வந்த தேதியை வைத்து எண்ணிப் பாருங்கள். நிரம்புகிறது என்றால், தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே படிவத்தை நிரப்புங்கள். பட்டியல் மூடிய பிறகு போய் நின்றால் ஒன்றும் செய்ய முடியாது. வீடு மாறினாலும் புது முகவரிக்குத் திரும்பப் பதிய வேண்டும், நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது இதில்தான்.

நிரம்பவில்லை என்றாலும் ரெக்விசிஷன் கூட்டத்துக்கு வாருங்கள். வாசலில் யாரும் பட்டியலைப் பார்ப்பதில்லை. டிராயரில் உறை வைத்திருந்த அந்த நண்பரும் இந்த முறை வருகிறார். படிவத்தை நிரப்பித் தபாலில் போட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.